மாண்பைப் பறிக்க முடியாது என்றால், அது மீறப்படுவது எப்படி?

மனிதருக்கு மாண்பு உள்ளார்ந்தது, அதை எவராலும் பறிக்க முடியாது என்று 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் முதல் நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் வரை பல ஆவணங்கள் சொல்கின்றன. அதே வகை ஆவணங்களே இன்னாருடைய மாண்பு மீறப்பட்டது, சிதைக்கப்பட்டது, மீட்டுத் தரப்பட வேண்டும் என்றும் சொல்கின்றன. பறிக்க முடியாத ஒன்றை எப்படிச் சிதைக்க முடியும், சிதைக்க முடியும் என்றால் அது எப்படி உள்ளார்ந்தது ஆகும், இல்லையென்றால் இது மேடைக்கும் முகவுரைக்கும் மட்டும் பயன்படும் அலங்காரத் தொடர்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நியாயமானது. மெய்யியல் அறிஞர்களும் நீதிபதிகளும்கூட இதே இடத்தில் தடுமாறியிருக்கிறார்கள்.

முரண்பாடு தோன்றுவதற்குக் காரணம், இரண்டு வெவ்வேறு செய்திகளை ஒரே சொல்லால் குறிப்பதுதான். மாண்பு உள்ளார்ந்தது என்பது ஒரு மனிதர் எந்த நிலையில் நிற்கிறார் என்பதைப் பற்றிய கூற்று. மாண்பு மீறப்பட்டது என்பது மற்றவர்கள் அவரை எப்படி நடத்தினார்கள் என்பதைப் பற்றிய கூற்று. பட்டா உங்கள் பெயரில் இருக்கும் நிலத்தில் வேறொருவர் வேலி போட்டுவிட்டால், நிலம் உங்களுடையது இல்லை என்று ஆகிவிடாது. உங்களுடையது என்பதால்தான் அவர் செய்தது ஆக்கிரமிப்பு ஆகிறது. இழிவாக நடத்தப்பட்டவரும் மாண்பை இழந்துவிடுவதில்லை. அது அவரிடம் அப்படியே இருப்பதால்தான் அவருக்கு நேர்ந்தது அநீதி ஆகிறது. மாண்பு உண்மையிலேயே பறிபோகக் கூடியதாக இருந்திருந்தால், ஒருவரை ஒருமுறை இழிவுபடுத்தியவர் அடுத்தமுறை இழிவுபடுத்துவதற்குத் தாமே அனுமதி வாங்கிக்கொண்டவர் ஆகிவிடுவார். அடிமை முறையும் தீண்டாமையும் நெடுங்காலம் இந்த வாதத்தில்தான் நின்றன. முதலில் ஒரு கூட்டத்தாரைப் படிக்கவும் நல்ல உடை உடுத்தவும் பொதுத் தெருவில் நடக்கவும் விடாமல் தாழ்த்தினார்கள். பிறகு, தாழ்ந்து கிடப்பதையே காட்டி, இவர்களுக்கு இதுவே தகும் என்றார்கள்.

‘உள்ளார்ந்த மாண்பு’ என்ற இத்தொடரின் பாரத்தை முழுவதும் தாங்குவது ‘உள்ளார்ந்த’ என்ற அடைமொழிதான். இந்த மதிப்பை அரசோ சமூகமோ வழங்கவில்லை, ஆகவே அவற்றால் திரும்பப் பெற முடியாது என்பது அதன் ஒரு பாதி. நல்ல நடத்தையால் ஈட்டியதன்று, ஆகவே கெட்ட நடத்தையால் தொலைந்தும் போகாது என்பது மறுபாதி. முதல் பாதியை ஏற்பவர்கள் அநேகம். இரண்டாம் பாதியைச் சொன்னவுடன் அவர்களிலேயே பாதிப்பேர் விலகிவிடுகிறார்கள். இத்தொடர் எங்கெல்லாம் சரியாக ஆளப்படுகிறது, எங்கெல்லாம் தடம் மாறுகிறது என்று பார்க்க எனக்கு உதவும் அளவுகோலும் இந்த அடைமொழிதான். மனிதர்களை மேல், கீழ் என்று தரம் பிரிக்க மறுப்பதற்காக இத்தொடரை ஆளும்போது அது தன் வேலையைச் செய்கிறது. தரம் பிரிப்பதற்கே அதைப் பயன்படுத்தும்போது, பழைய மதிப்புமுறை புதிய பெயரில் திரும்பி வந்துவிடுகிறது.

பழைய மதிப்புமுறை என்று நான் சொல்வதற்கு வரலாற்று ஆதாரம் உண்டு. ஐரோப்பிய மொழிகளில் இன்று மாண்பைக் குறிக்கும் சொற்கள் பலவற்றுக்கு மூலமான ‘டிக்னிதாஸ்’ என்ற இலத்தீன் சொல், ரோமானியர் காலத்தில் பதவிக்கும் குடிப்பிறப்புக்கும் உரிய தகுதியைக் குறித்தது. செனட்டருக்கும் கான்சலுக்கும் அது உண்டு, அடிமைக்கு இல்லை. அதைச் சம்பாதிக்கலாம், கூட்டலாம், ஒரே நாளில் இழக்கவும் செய்யலாம். இந்தப் பொருள் பழங்காலத்தோடு ஒழிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். குடியரசான பிறகும் நம் நாட்டுக் காவல்துறை விதிகளில் அது அச்சாகவே இருந்தது. 1980இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பிரேம் சங்கர் சுக்லா வழக்கு, திகார் சிறையிலிருந்து ஒரு விசாரணைக் கைதி அனுப்பிய தந்தியில் தொடங்கியது. நீதிமன்றத்துக்குக் கூட்டிச் செல்லும்போதெல்லாம் தமக்குக் கைவிலங்கு மாட்டுகிறார்கள் என்பது அவருடைய முறையீடு. விசாரித்துப் பார்த்தால், பஞ்சாப் காவல் விதிகள் கைதிகளை அவர்களுடைய வாழ்க்கைத் தரத்தை வைத்து மேல் வகுப்பு, சாதாரண வகுப்பு என்று பிரித்திருந்தன. மேல் வகுப்புக் கைதிக்குக் கட்டாயத் தேவை இருந்தால் மட்டும் விலங்கு; மற்றவருக்கு வழக்கமாகவே விலங்கு. வசதியுள்ளவன் தப்பி ஓடமாட்டான், ஏழை ஓடிவிடுவான் என்று கருத எந்த அறிவார்ந்த காரணமும் இல்லை என்று சொல்லி, நீதிபதி கிருஷ்ண ஐயர் தலைமையிலான அமர்வு அந்தப் பாகுபாட்டைச் செல்லாதது ஆக்கியது. கையில் இரும்பு மாட்டினால் மேல் வகுப்பாருக்கு அவமானம் என்று அந்த விதியை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. அதே அவமானம் ஏழைக்கும் உண்டு என்பது அவருக்குப் படவில்லை. மாண்பு உள்ளார்ந்தது என்று சொல்வதன் நடைமுறைப் பொருள் இந்த வழக்கில் கண்ணுக்குத் தெரிகிறது: ஒரு காலத்தில் சிலருக்கு மட்டும் செலுத்திய மரியாதை எல்லாருக்கும் உரியது ஆகிறது.

இத்தொடர் உலக அரங்குக்கு வந்த வரலாற்றிலும் இதே இழுபறியைக் காணலாம். 1945இல் ஐக்கிய நாடுகள் சாசனத்தின் முகவுரை, மனிதரின் மாண்பிலும் மதிப்பிலும் நம்பிக்கை வைப்பதாக அறிவித்தது. அந்த முகவுரையின் வரைவைக் கொண்டுவந்தவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். அடுத்த ஆண்டே அவருடைய அரசு, நேட்டாலிலும் டிரான்ஸ்வாலிலும் இந்தியர்கள் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. அந்த இந்தியர்களில் பெரும்பகுதியினர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களின் வழிவந்தவர்கள். முதல் கூட்டத்தை ஏற்றிய ‘டிரூரோ’ கப்பல் 1860 நவம்பரில் சென்னையிலிருந்துதான் டர்பன் போய்ச் சேர்ந்தது. இந்தியா இதை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டு சென்றது. விஜயலட்சுமி பண்டிட் வாதாடினார். இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று ஸ்மட்ஸ் பதில் சொன்னார். 1946 டிசம்பரில் சபை இந்தியாவின் பக்கம் வாக்களித்தது. எழுதியவருடைய கையை மீறிச் சொற்கள் வேலை செய்யத் தொடங்கிவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. முகவுரையை எழுதும்போது ‘மனிதர்’ என்ற சொல்லில் யார் யாரெல்லாம் அடங்குகிறார்கள் என்று ஸ்மட்ஸ் யோசித்திருக்கமாட்டார். நேட்டாலின் கரும்புத் தோட்டத்துப் பேரப்பிள்ளைகள் அந்தச் சொல்லை எடுத்து அவர் முன்னாலேயே வைத்தார்கள்.

1948 டிசம்பர் 10ஆம் நாள் பாரிசில் நிறைவேறிய மனித உரிமைப் பிரகடனம்தான் ‘உள்ளார்ந்த’ என்ற அடைமொழியை முகவுரையின் முதல் வரியிலேயே வைத்தது. 48 நாடுகள் ஆதரித்தன, எட்டு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின, எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. ஒதுங்கியவற்றில் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. முதல் உறுப்பின் வரைவில் ஆண்பாலாகவும் கொள்ளத்தக்க ஒரு சொல் இருந்ததை, மனிதப் பிறவிகள் யாவரும் என்று மாற்றச் செய்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. வரைவைப் பற்றிய விவாதத்தில், மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர்கள் என்று சேர்க்கலாம் என ஒரு யோசனை வந்தது, சீனாவின் பி.சி. சாங் அதை மறுத்தார், யோசனை கைவிடப்பட்டது. இயற்கையால் அளிக்கப்பட்டது என்ற சொல்லையும் எடுத்துவிட்டார்கள். மாண்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அந்தப் பிரகடனம் விடை சொல்லவில்லை, வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. உரிமைகளைப் பற்றி நாங்கள் ஒத்துப்போகிறோம், ஆனால் ஏன் என்று மட்டும் எவரும் கேட்கக் கூடாது என்ற பொருளில், அந்த முயற்சியோடு தொடர்புடைய பிரெஞ்சு மெய்யியலாளர் ஜாக் மாரித்தேன் அக்காலச் சூழலை நினைவுகூர்ந்திருக்கிறார்.

இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. அடித்தளம் காட்டாத கட்டடம் நிற்குமா என்பார்கள். என் கருத்து வேறு. அடித்தளம் என்று எதைக் காட்டினாலும் அது சிலரை வெளியே நிறுத்திவிடும் என்பதை வரலாறு திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது. மிகவும் மதிக்கப்படும் அடித்தளமான, ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட்டின் வாதத்தையே எடுத்துக்கொள்ளலாம். 1785இல் அவர் எழுதியது, விலையுள்ளதற்குப் பதிலாக வேறொன்றை வைக்கலாம், எல்லா விலைக்கும் மேற்பட்டு மாற்றீடு இல்லாமல் நிற்பதற்கே மாண்பு உண்டு என்பது. அருமையான வேறுபாடு, இன்றுவரை சட்டத்தில் உயிரோடு இருக்கிறது. ஆனால் மனிதருக்கு அந்த மாண்பு ஏன் என்று கேட்டால், பகுத்தறிவால் தனக்குத் தானே ஒழுக்க விதி வகுத்துக்கொள்ளும் ஆற்றல் உள்ளவர் என்பதால் என்று அவர் சொல்கிறார். அப்படியானால் அந்த ஆற்றல் இல்லாதவருக்கு?

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. அங்கே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். எவரும் அவர்களை எரிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. குடும்பத்தார் நம்பிக்கையோடு கொண்டுவந்து விட்டார்கள். கட்டி வைத்தவர்கள், புத்தி பேதலித்தவர் ஓடிவிடக் கூடாது என்பதற்காகக் கட்டினார்கள். புத்தி இருந்தால்தான் மனிதருக்குரிய மதிப்பு என்ற எண்ணம் எந்தத் தத்துவ நூலையும் படிக்காமலே அந்தக் கொட்டகைகளில் நடைமுறையாக இருந்தது. ‘உள்ளார்ந்த’ என்ற சொல்லின் முழுத் தேவையும் இங்கே தெரிகிறது. பேசத் தெரியாத குழந்தைக்கும், நினைவு தப்பிய முதியவருக்கும், தன் பெயரையே மறந்தவருக்கும் மாண்பு உண்டு என்று சொல்ல வேண்டுமானால், அதை எந்த ஆற்றலோடும் கட்டிப்போடாமல் இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை உள்ளார்ந்த மாண்புக்கான மரியாதையைத் தன் முதல் உறுப்பிலேயே நோக்கமாக வைத்தது. 2007இல் இந்தியா அதை ஏற்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய் உள்ள எவரையும் எந்த விதத்திலும் எந்த முறையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடை விதித்தது. மாண்புக்கான காரணம் இன்னதென்று யாரும் நிரூபித்து முடிக்கவில்லை. ஆனாலும் சங்கிலி சட்டவிரோதம் ஆகியிருக்கிறது.

இனி, பலரும் விலகிவிடும் அந்த இரண்டாம் பாதிக்கு வருகிறேன். நல்லவருக்கும் நோயுற்றவருக்கும் மாண்பு உண்டு என்பதில் யாருக்கும் சிரமம் இல்லை. கொடூரம் செய்தவருக்கும் உண்டா என்பதே சோதனை.

2002ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் 11 வயதுச் சிறுவனைச் சட்டம் படிக்கும் மாணவர் ஒருவர் கடத்திப் பணம் கேட்டார். பணத்தை எடுத்த பிறகு அவரைக் கைது செய்த காவல்துறை, சிறுவன் எங்கோ உயிரோடு அடைபட்டுக் கிடக்கிறான் என்று நம்பியது. அவர் வாய் திறக்கவில்லை. நகரக் காவல்துறையின் துணைத் தலைவர், உண்மையைச் சொல்லாவிட்டால் தாங்க முடியாத வலி உண்டாக்கப்படும் என்று மிரட்டுமாறு தமக்குக் கீழ் உள்ள அதிகாரிக்கு உத்தரவிட்டார். தாம் அப்படி உத்தரவிட்டதைக் கோப்பிலும் எழுதி வைத்தார். மிரட்டிய சில நிமிடங்களில் இடம் தெரிந்தது. சிறுவன் முன்பே கொல்லப்பட்டிருந்தான். அந்தக் குழந்தையைக் காப்பாற்றத் துடித்த அதிகாரியின் மேல் நம் மனம் இரங்கத்தான் செய்யும். ஆனால் ஜெர்மனியின் 1949ஆம் ஆண்டு அரசியலமைப்பின் முதல் வரி, மனிதரின் மாண்பு மீறத்தகாதது, அதை மதிப்பதும் காப்பதும் அரசின் எல்லா அதிகாரங்களுக்கும் கடமை என்று சொல்கிறது. எந்தப் பெரும்பான்மையாலும் மாற்ற முடியாத பகுதி அது. 2004இல் நீதிமன்றம் அந்த அதிகாரியைக் குற்றவாளி என்றே தீர்ப்பளித்தது. அவர் நிலையைக் கருதி, அபராதத்தையும் உடனே செலுத்த வேண்டாம் என்று நிறுத்தி வைத்து எச்சரிக்கையோடு விட்டது. கொலையாளிக்கு விதித்த ஆயுள் தண்டனையும் நிலைத்தது. 2010இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அந்த மிரட்டல் மனிதத்தன்மையற்ற நடத்தையே என்றும், அதிகாரிகளுக்குத் தந்த தண்டனை போதவில்லை என்றும் சொன்னது.

இந்த வழக்கில் இத்தொடர் எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது கொலையாளியை விடுவிக்கவில்லை. அவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. அவருடைய உடலின் வலியைத் தகவல் கறக்கும் கருவியாக அரசு ஆக்கக் கூடாது என்று மட்டும் சொன்னது. கடத்தப்பட்ட பயணி விமானத்தைச் சுட்டு வீழ்த்த அனுமதித்த சட்டப் பிரிவை ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2006இல் ரத்து செய்தபோதும் இதே காரணத்தைச் சொன்னது: விமானத்தில் இருக்கும் குற்றமற்றவர்களைத் தரையில் இருப்பவர்களைக் காக்கும் வெறும் பொருளாக அரசு கருத முடியாது. அத்தீர்ப்போடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. எப்படியும் சாகப்போகிறவர்களைப் பற்றி முடிவெடுக்கும் அரசு அவர்களைப் பொருளாக்குகிறது என்பது எல்லாச் சூழலுக்கும் பொருந்துமா என்ற ஐயம் இன்னும் இருக்கிறது. ஆனால் வாதத்தின் வடிவம் தெளிவானது.

தென்னாப்பிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1995 ஜூனில் மக்வன்யானே வழக்கில் மரண தண்டனையை ஒழித்தபோது, அதன் முன் நின்றவர்கள் கொலைக் குற்றவாளிகள். பதினொரு நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். மக்களில் பெரும்பான்மையோர் தூக்குத் தண்டனையை விரும்பக் கூடும் என்பதைத் தலைமை வகித்த நீதிபதி சஸ்கல்சன் ஒப்புக்கொண்டே, சமூகம் ஒதுக்கித் தள்ளியவர்களையும் நம்மில் மிக மோசமானவர்களையும் பலவீனமானவர்களையும் காக்க மனமிருந்தால்தான் மற்ற எல்லாருடைய உரிமையும் உறுதிப்படும் என்ற கருத்தை எழுதினார். ஐ.நா.வில் ஒதுங்கி நின்ற அதே நாடு, 1996இல் இயற்றிய அரசியலமைப்பின் பத்தாம் பிரிவில், ஒவ்வொருவருக்கும் உள்ளார்ந்த மாண்பு உண்டு, அது மதிக்கப்படவும் காக்கப்படவும் அவருக்கு உரிமை உண்டு என்று எழுதியது. உங்கள் கேள்வியில் முரண்போலத் தெரிந்த இரண்டும் அந்த ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன: மாண்பு உண்டு என்பது உண்மைக் கூற்று, மதிக்கப்பட உரிமை என்பது கோரிக்கை.

கான்ட்டுக்கே திரும்பினால், கொலை செய்தவர் சாகத்தான் வேண்டும், அவரைத் தம் செயலுக்குப் பொறுப்பானவராக மதிப்பது அதுவே என்ற கருத்துடையவர் அவர். 2018இல் கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை நூலில் போப் பிரான்சிஸ் செய்த திருத்தமோ, மிகக் கொடிய குற்றத்துக்குப் பிறகும் மனிதரின் மாண்பு இழக்கப்படுவதில்லை என்று சொல்லி மரண தண்டனையை ஏற்க முடியாதது ஆக்கியது. ஒரே சொல்லைக் கொண்டு இரு எதிர் முடிவுகள். கருணைக்கொலை விவாதத்திலும் இதுவே நடக்கிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், குணமாக வாய்ப்பில்லாத நோயாளி மருத்துவர் தரும் மருந்தால் தம் வாழ்வை முடித்துக்கொள்ள அனுமதிக்கும் சட்டத்துக்கு மாண்புடன் கூடிய மரணம் என்றே பெயர் வைத்தது. அதை எதிர்ப்பவர்களும் மாண்பின் பெயரால்தான் எதிர்க்கிறார்கள். இதையெல்லாம் காட்டித்தான் அமெரிக்க மருத்துவ அறவியலாளர் ரூத் மாக்லின் 2003இல், மாண்பு பயனற்ற கருத்து, நோயாளியின் தன்னுரிமைக்கு மதிப்பு என்று சொல்வதைத் தவிர அதில் புதிதாக எதுவும் இல்லை என்று வாதிட்டார். கனடாவின் உச்ச நீதிமன்றமும் 1999இல், பாகுபாட்டு வழக்குகளில் மாண்பு பாதிக்கப்பட்டதா என்பதை ஓர் அளவுகோலாக வைத்துப் பார்த்துவிட்டு, அது தெளிவற்றது, முறையிட வருபவருக்குக் கூடுதல் சுமையாகிவிட்டது என்று 2008இல் ஒப்புக்கொண்டு பின்வாங்கியது.

இந்த விமர்சனத்தில் பாதி உண்மை இருக்கிறது. எந்த முடிவையும் தானாகத் தரும் ஆற்றல் இத்தொடருக்கு இல்லை. அப்படித் தரும் என்று நம்பி எழுதும் தீர்ப்புகள் வலுவிழந்தே நிற்கின்றன. ஆனால் தன்னுரிமை என்று மாற்றிச் சொல்லிவிட்டால் போதும் என்பதை ஏற்க முடியவில்லை. ஏர்வாடியில் கட்டப்பட்டுக் கிடந்தவரிடம் தன்னுரிமையைப் பற்றிப் பேசி என்ன பயன்? இறந்த உடலுக்கு ஏது தன்னுரிமை? 2020 ஏப்ரலில் கொரோனாவால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் கூட்டம் கல்லெறிந்து விரட்டியபோது, கண்ணியமான அடக்கத்துக்கான உரிமையும் வாழும் உரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பில் அடங்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து சொன்னது. அங்கே மீறப்பட்டது எது என்பதைச் சொல்ல வேறு சொல் இல்லை.

விமர்சகர்கள் அதிகம் பேசாத வேறொரு பிழைதான் எனக்குக் கவலை தருகிறது. ஒருவருடைய மாண்பைக் காப்பதாகச் சொல்லி அவரையே ஒடுக்குவது. பிரான்சில் உயரம் குன்றிய ஒருவர், பாதுகாப்பு உடை அணிந்துகொண்டு, பார்வையாளர்கள் தம்மைத் தூக்கி மெத்தையில் எறியும் கேளிக்கை நிகழ்ச்சி நடத்திப் பிழைத்துவந்தார். மோர்சாங்-சூர்-ஓர்ஜ் ஊரின் மேயர் அதைத் தடை செய்தார். 1995 அக்டோபரில் பிரான்சின் உயர் நிர்வாக நீதிமன்றம், மனித மாண்புக்கு மதிப்பு என்பது பொது ஒழுங்கின் ஒரு பகுதி என்று சொல்லித் தடையை ஏற்றது. தொழில் செய்தவர் அதை எதிர்த்து ஐ.நா. மனித உரிமைக் குழு வரைக்கும் போனார். எனக்கு வேலை இருப்பதில்தான் என் மாண்பு இருக்கிறது என்பது அவர் வாதம். 2002இல் அதுவும் தோற்றது. அந்தக் கேளிக்கை எனக்கும் அருவருப்பாகவே இருக்கிறது. பார்க்க வருபவர்களுக்கு அதை விற்றவர்களைத் தடுத்ததையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால், மாற்று வேலைக்கு எந்த வழியும் செய்யாமல், உன் மாண்பு உன்னைவிட எங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று அவரிடம் சொன்னது, அவரை மதித்ததாக ஆகாது.

நம் நாட்டில் இதற்கு இன்னும் வெளிப்படையான சான்று இருக்கிறது. 2005இல் மகாராஷ்டிர அரசு, மதுக்கூடங்களில் பெண்கள் நடனம் ஆடுவது பெண்களின் மாண்புக்கு இழுக்கு என்று சொல்லித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதே சட்டம் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஓட்டல்களுக்கு விலக்கு அளித்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றபோது, பணக்காரர் கூடும் இடத்தில் நடந்தால் ஒழுக்கம் கெடாது, எளியவர் கூடும் இடத்தில் நடந்தால் கெடும் என்ற அனுமானத்தை ஏற்க மறுத்தது. பிழைப்பை இழந்த பெண்கள் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டதையும் சுட்டியது. கைவிலங்கு விதியை எழுதிய அதே கை இந்தச் சட்டத்தையும் எழுதியதுபோல் எனக்குத் தோன்றுகிறது. மாண்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு, ‘உள்ளார்ந்த’ என்பதை எடுத்துவிட்டால் கிடைப்பது இதுதான்: இன்னார் இப்படி நடந்துகொண்டால்தான் மாண்புள்ளவர் என்று மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு வகுக்கும் நடத்தை விதி.

இந்திய அரசியலமைப்பின் முகவுரை இந்த ஆபத்தை ஓரளவு உணர்ந்தே எழுதப்பட்டது என்று நினைக்கிறேன். தனிமனிதரின் மாண்பை அது சுதந்திரத்தோடும் சமத்துவத்தோடும் சேர்க்காமல் சகோதரத்துவத்தோடு சேர்த்தது. நேரு 1946இல் முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தில் சகோதரத்துவம் இல்லை. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுதான் 1948இல் அதைச் சேர்த்தது. உரிமையை நீதிமன்றத்தில் வாங்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட மறுக்கிறவரிடமிருந்து மரியாதையை எந்த நீதிமன்றத்தில் வாங்குவது என்பதைத் தம் வாழ்க்கையிலேயே அறிந்தவர் அவர். மாண்பை மீறுவது அரசு மட்டும் என்று மேற்கின் ஆவணங்கள் பெரும்பாலும் கருதுகின்றன. இங்கே அதை அன்றாடம் மீறுவது அண்டை வீட்டார். 1993இலும் 2013இலும் வந்த, கையால் மலம் அள்ளும் முறையை ஒழிக்கும் சட்டங்கள், வேறு எதையும் சொல்வதற்கு முன்னால் முகவுரையின் இந்தச் சொற்களை எடுத்து வைத்துக்கொண்டே தொடங்குகின்றன. அப்படி இருந்தும் சாக்கடைக் குழியில் மூச்சுமுட்டிச் சாவது நிற்கவில்லை. 2014இல் இறப்புக்கு 10 லட்ச ரூபாய் இழப்பீடு என்று நிர்ணயித்த உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது. சொல் தானாக எதையும் செய்துவிடாது என்பதற்கு இதுவே போதிய சான்று. ஆனால் அந்த இறப்புகளைத் தொழிற்சாலை விபத்தைப்போலக் கணக்கெழுதி முடித்துவிடாமல், ஒரு சாதியாரை அந்தக் குழிக்குள் இறங்கத் தகுந்தவர்கள் என்று கருதியதன் விளைவாகப் பார்க்க வைத்தது இந்தச் சொல்தான்.

வாழும் உரிமை என்பது மூச்சு விடும் உரிமை மட்டும் அல்ல, மாண்போடு வாழும் உரிமை என்று 1981இல் பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கில் நீதிபதி பகவதி எழுதியபோது, நீதிமன்றத்தின் முன்னே இருந்த சிக்கல் மிகச் சிறியது: தடுப்புக் காவலில் இருந்த தாய் தம் ஐந்து வயது மகளை மாதம் ஒருமுறைதான் பார்க்கலாம் என்ற விதி. அதிலிருந்து உணவு, உடை, உறையுள், படிக்கவும் எழுதவும் மனிதரோடு கலந்து பழகவும் வாய்ப்பு என்று நீதிமன்றம் விரித்துக்கொண்டு போனது. அந்தப் பட்டியல் பின்னாளில் அளவுக்கு மீறி மேற்கோளாகிவிட்டது என்பது என் எண்ணம்; எந்த மனுவிலும் ஒட்டிவிடக் கூடிய வரியாக அது தேய்ந்திருக்கிறது. அதற்கு மாறாக, 2024 அக்டோபர் 3ஆம் நாள் சுகன்யா சாந்தா வழக்கில் வந்த தீர்ப்பை முழுமையாகப் படித்துப் பார்க்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பெருக்குவதும் கழுவுவதும் இன்ன சாதிக் கைதிக்கு, சமைப்பது இன்ன சாதிக் கைதிக்கு என்று பல மாநிலச் சிறைக் கையேடுகள் எழுதி வைத்திருந்ததை அது விதி விதியாக எடுத்துக் காட்டி ரத்து செய்தது. பாளையங்கோட்டைச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்ததை, மோதலைத் தவிர்க்கத்தான் என்ற விளக்கத்தின் பேரில் உயர் நீதிமன்றம் முன்பு ஏற்றிருந்தது. ஒழுங்கைக் காப்பதற்காகச் சாதிப் பிரிவினையைக் காக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அந்த நிலைப்பாட்டையும் மறுத்தது. கைதிகளின் பதிவேட்டில் சாதிக்கென்று உள்ள கட்டத்தையே நீக்க உத்தரவிட்டது.

அத்தீர்ப்பில் மாண்பு என்ற சொல் பலமுறை வருகிறது. ஒவ்வொரு முறையும் அதன் அருகில் ஒரு விதி எண், ஒரு துடைப்பம், ஒரு சமையற்கட்டு, ஒரு பதிவேடு இருக்கிறது. நீங்கள் ஒரு மனுவிலோ கட்டுரையிலோ இத்தொடரை எழுதுவதாக இருந்தால், மாண்பு மீறப்பட்டது என்ற வாக்கியத்தோடு நிறுத்திவிடாமல், யார், யாரை, என்ன செய்தார், அந்தச் செயலுக்குள் அவரை எந்தத் தரத்தில் வைத்தார் என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள். அவற்றை எழுத முடியவில்லை என்றால், அந்த இடத்தில் இத்தொடர் தேவைப்படவில்லை என்று எடுத்துவிடலாம். எழுத முடிந்தால், பறிக்க முடியாத ஒன்று எப்படி மீறப்பட்டது என்று உங்களிடம் யாரும் கேட்கமாட்டார்கள்.